மூளைப் படத்தின் நிறமும் அதன் பின்னால் உள்ள கணக்கும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் பேச்சைக் கேட்கும் மூளை பற்றி வெளியான கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். அறிவியலைத் தமிழில் எழுத அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவில் இருந்த படமும் அதன் கீழே இருந்த ஒற்றை வரியும் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தன. சாம்பல் நிற மூளை. அதன் இடப்பக்கத்தில் செம்மஞ்சளில் ஒரு திட்டு. அதன் கீழ் "பேச்சைக் கேட்கும்போது ஒளிரும் பகுதி" என்ற வாசகம். மூளைக்குள் எதுவும் ஒளிர்வதில்லை. அந்த நிறத்தை அங்கே இட்டது ஒரு புள்ளிவிபரக் கணக்கு. எத்தனை பேரை அளந்தார்கள், எதோடு எதை ஒப்பிட்டார்கள், எந்த எல்லையைத் தாண்டிய இடத்துக்கு நிறம் கொடுத்தார்கள் என்ற விபரங்கள் கட்டுரையில் எங்கும் இல்லை. அவை இல்லாமல் அந்தப் படத்தை வாசிக்க முடியாது என்பதே நான் சொல்ல வந்தது.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். மூளை என் துறை அன்று. ஆனால் உயர்தர மாணவருக்கு நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் படிப்பித்தவள் என்ற முறையில் இத்துறைக் கட்டுரைகளை விருப்பத்தோடு தேடி வாசித்து வருகிறேன்.

இத்தகைய படங்களை எடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் நரம்புக் கலங்கள் வேலை செய்வதை நேரே பார்ப்பதில்லை. வேலை செய்யும் பகுதிக்குக் குருதி கூடுதலாகப் பாய்கிறது. ஒட்சிசன் உள்ள குருதிக்கும் அதை இழந்த குருதிக்கும் இடையே காந்தப்புலத்தில் தெரியும் சிறு வேறுபாட்டையே இயந்திரம் அளக்கிறது. செய்ஜி ஒகாவா என்ற ஆய்வாளர் 1990இல் இதை எலிகளில் காட்டினார்; 1992இல் மனிதரிலும் செய்து காட்டப்பட்டது. குருதியின் இந்த மாற்றம் ஒலி காதில் விழுந்து ஐந்தாறு செக்கன் கழித்தே உச்சத்தை அடைகிறது. நாங்கள் கதைக்கும் வேகமோ செக்கனுக்கு நான்கைந்து அசைகள். "அம்மா" என்ற சொல்லுக்குரிய மாற்றம் உச்சத்துக்கு வரும்போது பேசுபவர் இருபது இருபத்தைந்து அசைகளைச் சொல்லி முடித்திருப்பார். இரணைமடுக் குளத்தில் துருசு என்னும் மதகு திறந்து வெகுநேரத்துக்குப் பிறகு வாய்க்காலின் கடைசி வயலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, துருசு எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டது என்று கணக்கிடுவது போன்றது இது. கணக்கிடலாம். ஆனால் அது கணக்கு, கண்ணால் கண்ட காட்சி அன்று. போதாக்குறைக்கு இயந்திரம் நூறு டெசிபலைத் தாண்டி இரையும். அந்த இரைச்சலுக்குள் பேச்சைக் கேட்கவைக்க முடியாது என்பதால், இயந்திரத்தைச் சில செக்கன்கள் அமைதியாக நிறுத்தி, அந்த இடைவெளியில் சொல்லை ஒலிக்கவிட்டு, பிறகு படம் எடுக்கும் முறையை ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். அத்தனை கவனத்துக்குப் பிறகும் கிடைப்பது மிகச் சிறிய மாற்றமே. மூச்சு, இதயத்துடிப்பு, தலை ஒரு நூலளவு அசைவது எல்லாம் அந்தச் சிறிய மாற்றத்தோடு கலந்து வருகின்றன. பெரியவர்களே அரை மணித்தியாலம் தலை அசையாமல் படுத்திருக்கச் சிரமப்படுகிறார்கள். சிறு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். மூளை முழுவதையும் சில மில்லிமீற்றர் அளவான சிறு கனத்துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் "பேச்சு ஒலித்தபோது மாற்றம் இருந்ததா, இல்லையா" என்று தனித்தனியாகச் சோதிப்பார்கள். இந்தத் துண்டை வொக்சல் என்பார்கள். ஒரு மூளையில் இவை ஏறத்தாழ ஒரு இலட்சம் வரும். ஆகவே ஒரே படத்துக்குப் பின்னால் ஒரு இலட்சம் சோதனைகள் இருக்கின்றன.

இதில் உள்ள ஆபத்தை நான் வகுப்பறையில் காட்டிய விதத்திலேயே சொல்கிறேன். 2010இல் மீளக்குடியேறி வந்த புதிதில் எங்கள் வகுப்புக்குக் கூரை தறப்பாள்தான். நாற்பது பிள்ளைகள், கையிலிருந்த சில நாணயங்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஆளுக்கு ஐந்து தரம் சுண்டச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பி, "ரீச்சர், எனக்கு ஐஞ்சும் தலை" என்று நாணயத்தைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்கு ராசியான கை என்று மற்றவர்கள் சத்தமிட்டார்கள். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். குறித்த ஒரு பிள்ளைக்கு ஐந்தும் தலையாக விழும் நிகழ்தகவு 32இல் 1. நாற்பது பேரில் ஒருவருக்கேனும் அப்படி விழும் நிகழ்தகவோ நூற்றுக்கு 72. யாருக்கும் விழாமல் போயிருந்தால்தான் சற்று வியந்திருக்க வேண்டும். பிறகு அவளையே மீண்டும் ஐந்து தரம் சுண்டச் சொன்னேன். இரண்டு தலை விழுந்தது.

நாற்பது பிள்ளைகளுக்குப் பதிலாக ஒரு இலட்சம் துண்டுகளை வைத்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் வரும் நூற்றுக்கு 5 என்ற பொருளுண்மை மட்டத்தை, அதாவது தற்செயலாக வந்ததை உண்மையென்று ஏற்க இடம்கொடுக்கும் அளவை, அப்படியே எடுத்தால், மூளையில் எதுவுமே நடக்காதபோதும் 5000 துண்டுகள் "மாற்றம் உண்டு" என்று நிறம் பெறும். ஆயிரத்துக்கு 1 என்று இறுக்கினாலும் 100 துண்டுகள் மிஞ்சும். ஒவ்வொரு துண்டையும் தனியே சோதிப்பதற்குப் பரிகாரமாக எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கலாம். அப்படிச் செய்தால் 20 இலட்சத்துக்கு 1 என்ற கடுமையான எல்லை வரும், அதில் உண்மையான மாற்றங்களும் பல அடிபட்டுப் போகும். அதனால் இரண்டுக்கும் நடுவே வேறு வழிகளைத் தேடினார்கள். 1995இல் பென்ஜமினி, ஹொக்பேர்க் என்ற புள்ளிவிபரவியலாளர்கள் முன்வைத்த வழி, நிறம் பெற்றவற்றில் எத்தனை பங்கு பொய்யாக இருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. எந்த வழியைக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்து, அதே தரவிலிருந்து வரும் செம்மஞ்சள் திட்டு பெரிதாகும், சிறிதாகும், இல்லாமலும் போகும்.

இந்தத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவில் கிரெய்க் பெனெற்றும் அவரது சகாக்களும் 2009இல் காட்டினார்கள். இறந்த ஒரு சால்மன் மீனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்றும் முறைப்படி கேட்டார்கள். ஆயிரத்துக்கு 1 என்ற எல்லையில், சோதித்த 8064 துண்டுகளில் 16 நிறம் பெற்றன. பலதடவைச் சோதனைக்குரிய திருத்தத்தைச் செய்ததும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர்கள் கேலிக்காக இதைச் செய்யவில்லை. அக்காலத்தில் வெளியான கட்டுரைகளில் கணிசமானவை இத்திருத்தம் இன்றியே வந்துகொண்டிருந்தன.

திருத்தம் செய்தவர்களும் முழுதாகத் தப்பவில்லை. சுவீடனின் அன்டர்ஸ் எக்லுண்ட், இங்கிலாந்தின் தோமஸ் நிக்கல்ஸ் ஆகியோரின் குழு 2016இல், எந்தப் பணியும் கொடுக்கப்படாமல் சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமான மனிதரின் தரவை எடுத்து, அதில் இல்லாத பணிகளை இருப்பதாக வைத்து ஏறத்தாழ 30 இலட்சம் குழுப் பகுப்பாய்வுகளைச் செய்து பார்த்தது. நூற்றுக்கு 5 தடவை மட்டும் வரவேண்டிய பொய்யான முடிவு, அருகருகே உள்ள துண்டுகளைத் திட்டாகச் சேர்த்துச் சோதிக்கும் சில முறைகளில் நூற்றுக்கு 70 தடவை வரை வந்தது. அந்தக் கட்டுரை வெளிவந்ததும் "நாற்பதாயிரம் ஆய்வுகள் குப்பை" என்று செய்திகள் பரவின. அதுவும் மிகையான செய்தியே. அதற்கு இடம்கொடுத்த தமது கட்டுரையின் வாசகத்தை ஆய்வாளர்களே பிறகு திருத்தினார்கள். ஆய்வைப் போலவே ஆய்வைக் குறைகூறும் செய்தியையும் எண்ணிப் பார்த்தே அச்சிட வேண்டியிருக்கிறது.

பேச்சு பற்றிய ஆய்வுக்கென்றே இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. பேச்சைக் கேட்டபோது எடுத்த அளவிலிருந்து அமைதியில் எடுத்த அளவைக் கழித்தால், காதுக்கு மேலே இருபுறமும் நெற்றிப்பொட்டுப் பக்கமாக உள்ள பகுதிகள் நிறம் பெறும். அது பேச்சுக்குரிய இடமா, வெறும் சத்தத்துக்குரிய இடமா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. இலண்டனில் சோஃபி ஸ்கொட்டும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சின் அதிர்வெண்களைத் தலைகீழாகப் புரட்டி, ஏற்ற இறக்கமும் சிக்கலும் பேச்சைப் போலவே இருந்தும் பொருள் மட்டும் விளங்காத ஒலியைச் செய்து, அதோடு பேச்சை ஒப்பிட்டார்கள். அப்போதுதான் இடப்பக்கத்தில் முன்னோக்கிய ஒரு பகுதி, விளங்கும் பேச்சுக்கே உரியதாகத் தனித்துத் தெரிந்தது. நல்ல ஆய்வின் உழைப்பு பெரும்பாலும் இந்த ஒப்பீட்டொலியைச் செய்வதிலேயே போகிறது. உங்கள் கட்டுரையில் "பேச்சைக் கேட்கும்போது" என்று இருக்கிறதே தவிர, எதைக் கேட்டதோடு ஒப்பிட்டபோது என்பது இல்லை.

இரண்டாவது விடயம்தான் எனக்கு மிகவும் நெருக்கமானது. ஓர் ஆய்வில் இருபது பேருக்கு இருபது சொற்களை ஒலிக்கவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேரும் ஒரு மாதிரி. அவர்களிலிருந்து எல்லா மனிதருக்கும் பொதுவான முடிவை எடுக்கவே புள்ளிவிபரவியல் உதவுகிறது. ஆனால் அந்த இருபது சொற்களும் ஒரு மாதிரிதானே? அவற்றைச் சொன்ன ஒரே ஒரு குரலும் ஆயிரக்கணக்கான குரல்களிலிருந்து எடுத்த ஒன்றுதானே? உளவியலாளர் ஹேர்பேர்ட் கிளார்க் 1973இலேயே இந்தப் பிழையை மொழி ஆய்வாளருக்கு எடுத்துச் சொன்னார். ஆட்கள் மாறினால் முடிவு மாறுமா என்று கணக்கில் பார்த்துவிட்டு, சொற்கள் மாறினால் மாறுமா என்று பார்க்காமல் விட்டால், கிடைப்பது அந்த இருபது சொற்களைப் பற்றிய முடிவு மட்டுமே. மூளைப்பட ஆய்வுகளிலும் இதே பிழை பரவலாக இருப்பதை அண்மைக் காலத்தில் மீண்டும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆளால் வரும் மாறுபாட்டையும் சொல்லால் வரும் மாறுபாட்டையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்துக் கணித்தால், உறுதியாகத் தெரிந்த பல முடிவுகளின் உறுதி குறைந்துவிடுகிறது.

இது வன்னியில் இருக்கும் எங்களுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று சொல்கிறேன். பேச்சைக் கேட்பது பற்றிய பழைய சோதனைகளில் மிகப் பல ஆங்கில ஒலிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. "பல்" என்பதில் வரும் பகரத்தையும் "கம்பம்" என்பதில் வரும் பகரத்தையும் நாங்கள் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். அந்த வேறுபாட்டால் தமிழில் ஒரு சொல் வேறு சொல்லாகிவிடுவதில்லை. ஆங்கிலத்தில் ஆகிவிடும். அதேபோல் "பல்லி", "பள்ளி" என்பவற்றையும் "மனம்", "மணம்" என்பவற்றையும் எங்கள் பிள்ளைகள் இலகுவாகப் பிரித்துக் கேட்பார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுமாறுவார். இது காதின் குறையன்று. ரிஸ்தோ நாட்டனென் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1997இல், எஸ்தோனிய மொழியில் உள்ள, ஆனால் பின்லாந்து மொழியில் இல்லாத ஓர் உயிரொலியை இரு நாட்டவருக்கும் கேட்கவைத்து, மூளையின் மின், காந்த மாற்றங்களை அளந்தார்கள். அவ்வொலிக்கு எஸ்தோனியரிடம் தெரிந்த மாற்றம் பின்லாந்தினரிடம் குறைவாக இருந்தது. தாய்மொழி கேட்கும் விதத்தையே வடிவமைக்கிறது.

மொழிகளுக்கு இடையே மட்டுமன்றித் தமிழுக்குள்ளேயும் இது உண்டு. எங்கள் ஊர்ப் பேச்சில் "மழை" பெரும்பாலும் "மளை" என்றே ஒலிக்கும். சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் ழகர ளகரத்தில் அடிபடுவதற்கு அதுவே காரணம் என்பது எந்தத் தமிழாசிரியருக்கும் தெரியும். "காற்று" என்ற சொல்லை நாங்கள் உச்சரிப்பது போலத் தமிழகத்தில் உச்சரிப்பதில்லை. அவர்கள் பேசுகிறார்கள், நாங்கள் கதைக்கிறோம். நாளைக்கு யாராவது, சென்னையில் பதிவுசெய்த குரலில் ழகர ளகர வேறுபாட்டைச் சொல்லவைத்து, அதற்கு எங்கள் பிள்ளைகளின் மூளை காட்டும் மாற்றத்தை அளந்தால் என்னவாகும்? மாற்றம் குறைவாக வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அட்டவணையில் அது "வன்னிப் பிள்ளைகளின் கேட்டுணரும் திறன் குறைவு" என்று ஏறிவிடும். அதற்குப் பக்கத்தில் ஒரு மூளைப் படத்தையும் போட்டுவிட்டால், பிறகு அதை யார் மறுத்துப் பேசுவார்கள்? போர், இடப்பெயர்வு, இழந்த பள்ளி வருடங்கள் என்று எங்கள் பிள்ளைகள் மீது ஏற்கெனவே போதிய முத்திரைகள் குத்தப்பட்டுவிட்டன. சொற்களைத் தேர்ந்தவர் விட்ட பிழைக்காக இன்னொரு முத்திரை வேண்டாம்.

கட்டுரையின் கடைசிப் பந்தி, இத்தகைய படங்களால் பிள்ளைகளின் மொழித்திறனை முன்கூட்டியே அறியலாம் என்று முடிந்திருந்தது. அந்தப் பந்தியை வாசித்தபோது எனக்கு மனம் பதைத்தது; காரணத்தைச் சொல்ல வேண்டும். என் தங்கையின் பேரனுக்கு நான்கு வயது. மூன்று வயது கடந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கதைக்கவில்லை. சென்ற வருடம் அவனது தாய், என் பெறாமகள், ஒரு துண்டுப்பிரசுரத்தோடு வந்தாள். எங்கோ ஒரு தனியார் நிலையம் அச்சிட்டது; முன்பக்கத்தில் உங்கள் பத்திரிகையில் வந்ததைப் போன்ற ஒரு நிறமூட்டிய மூளை. பிள்ளையின் பேச்சாற்றலை மூளைப் பரிசோதனையால் கண்டறியலாம் என்று அதில் இருந்தது. "பெரியம்மா, காப்பை அடகு வைச்சாவது கொண்டுபோய்க் காட்டுவமோ?" என்று கேட்டாள். அவளது வலக்கை விரல்கள் இடக்கைக் காப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தன. முதலில் அரசாங்க வைத்தியசாலையில் காதைப் பரிசோதிக்கச் சொன்னேன். இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் தேங்கியிருந்தது. பிள்ளை எங்கள் குரல்களைத் தண்ணீருக்குள் இருந்து கேட்பதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது சிகிச்சை நடக்கிறது. பூனையைக் கண்டால் "பூனை வந்திட்டு" என்கிறான்.

ஒரு குழுவின் இடைப் பெறுமானத்திலிருந்து, அதாவது சராசரியிலிருந்து, ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல முடியாது என்பது புள்ளிவிபரவியலின் அரிச்சுவடி. கிளிநொச்சி மாவட்டத்தின் சராசரி மழைவீழ்ச்சி என் காணிக் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லாது. பேச்சுக்குரிய இடங்கள் ஆளுக்கு ஆள் சற்றே விலகி இருக்கின்றன. இருபது மூளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுத்த இடைப் படம், அந்த இருபதில் எந்த ஒன்றினதும் படமாக இல்லாமலும் போகலாம். மூளைப் படத்துக்கும் ஆட்களின் திறமைக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகக் காண ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இருபது முப்பது பேரோடு நின்றவை. இன்னொரு பிழையும் இவற்றில் நிகழ்ந்திருக்கிறது: முதலில் தொடர்பு கூடுதலாகத் தெரியும் துண்டுகளைத் தெரிந்தெடுத்து, பிறகு அதே தரவைக் கொண்டு அத்துண்டுகளில் தொடர்பு எவ்வளவு என்று அளப்பது. தவணைப் பரீட்சையில் எண்பதுக்கு மேல் எடுத்த பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்து, அதே பரீட்சைப் புள்ளிகளின் சராசரியைக் காட்டி என் வகுப்பு கெட்டிக்கார வகுப்பு என்று நான் அதிபரிடம் சொன்னால் ஏற்பாரா?

இந்தத் துறையை நான் பழிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். மூளையில் கட்டி உள்ளவருக்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன், பேச்சுக்குரிய பகுதி எந்தப் பக்கம் என்று அறிய வைத்தியர்கள் இப்படத்தைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அது ஓர் ஆளின் படம், அந்த ஆளுக்காகவே எடுத்தது. மேலே சொன்ன பிழைகளைக் கண்டுபிடித்தவர்களும் இத்துறைக்கு உள்ளேயிருந்தே வந்தவர்கள். 2020இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே ஒன்பது கேள்விகளைக் கேட்டபோது, எந்த இரண்டு குழுக்களும் முழுக்க ஒரே வழியில் கணக்கிடவில்லை என்பதையும், சில கேள்விகளுக்கு விடைகள் பெரிதும் வேறுபட்டன என்பதையும் அவர்களே வெளியிட்டார்கள். அது பேச்சு பற்றிய ஆய்வு அன்று, பந்தயத்தில் முடிவெடுப்பது பற்றியது. ஆனால் கணக்கிடும் கருவிகள் இரண்டுக்கும் ஒன்றே.

பத்திரிகையிடம் நான் கேட்பது சிறிய விடயம். மூளைப் படம் ஒன்றை அச்சிடும்போது, அதன் கீழே இரண்டு வரி கூடுதலாகப் போடுங்கள்: எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டது, பலதடவைச் சோதனைக்குத் திருத்தம் செய்யப்பட்டதா, எந்த மொழியின் எத்தனை சொற்கள், எத்தனை குரல்கள். மூல ஆய்வில் இவை எல்லாம் இருக்கும். இல்லையென்றால் அதையே எழுதலாம். சென்ற வாரக் கட்டுரைக்கும் இந்த விபரங்களைக் கட்டுரையாளரிடம் பெற்று, வரும் ஞாயிறு மலரில் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் கடைசிப் பந்தியை வாசித்துவிட்டு இங்கே வேறு எந்தத் தாயின் கையிலாவது துண்டுப்பிரசுரம் இருந்தால், அவர் முதலில் பிள்ளையின் காதைச் சோதிக்கட்டும் என்ற ஒரு வரியையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கிளிநொச்சி.